கிறிப்பில் பெயர் இருந்தால் அரசாங்க வேலை கிடைக்காதா?

நிலாவெளியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் போட்டிப் பரீட்சையில் சித்தியடைந்து, நேர்முகப் பரீட்சைக்குக் கடிதமும் வந்துவிட்டது. கணவர் வள்ள எஞ்சினுக்கு எடுத்த லீசிங் ஒன்பது மாதமாக நிலுவை. அதற்குப் பிணை வைத்தவர் இவர்தான். சொந்தப் பெயரில் ஒரு குழுக் கடன். வலை வாங்கிய கடைக்கு இவர் கொடுத்த காசோலை ஒன்று வங்கியிலிருந்து திரும்பியிருக்கிறது. "என் பெயர் கிறிப்பில் (கடன் தகவல் பணியகத்தில்) போய்விட்டதாம். காசாளர் மேசைதான் தருவார்கள் என்றும் சொல்கிறார்கள். கடன்காரிக்கு அரசாங்கப் பணத்தை நம்பிக் கொடுப்பார்களா ஐயா?"

கொடுப்பார்கள், மகள். கடன் இருக்கிறது என்பதற்காக மட்டும் நியமனத்தை நிறுத்திய ஒரு கோப்பையும், உத்தியோகத்தர் நியமனங்களைப் பார்க்கும் தாபனக் கிளையில் இருந்த காலம் முழுவதும் நான் கண்டதில்லை. ஆனால் நீங்கள் எழுதிய மூன்று கடனும் ஒரே மாதிரியானவை அல்ல. லீசிங்கை நினைத்துப் பயப்படுகிறீர்கள். நான் பயப்படுவது அந்தக் காசோலையை நினைத்து.

முதலில் கிறிப். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான கொடுகடன் தகவல் பணியகம் அது. "கிறிப்பில் போட்டுவிட்டார்கள்" என்று ஊரில் சொல்வது ஏதோ கறுப்புப் பட்டியல் போலக் கேட்கும். அப்படியொரு பட்டியல் அங்கே இல்லை. ஒழுங்காகக் கட்டுகிறவர் பெயரும் அதில் இருக்கும், கட்டாதவர் பெயரும் இருக்கும், பிணை வைத்தவர் பெயரும் இருக்கும். அந்தத் தகவல் கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்காகத் திரட்டப்படுவது. கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) ஒரு முகாமைத்துவ உத்தியோகத்தரை எடுப்பதற்காக யாரும் அதைப் புரட்டிப் பார்ப்பதில்லை. வங்கி வேலை என்றால் கதை வேறு, அங்கே பார்ப்பார்கள். உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்க்கலாம். கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவை என்று கிடந்தால், கடன் தந்த நிறுவனத்துக்கு எழுதித் திருத்தச் சொல்லுங்கள்.

லீசிங்கும் குழுக் கடனும் சிவில் விவகாரம். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனபோது எத்தனை வள்ளம் கரையில் கிடந்தது என்பது திருகோணமலைக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதில் விழுந்த கடன் ஒழுக்கக் குறைவல்ல. வர்த்தமானியில் வரும் "சிறந்த நடத்தை" என்ற நிபந்தனையை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பிணை வைத்தவரிடமும் லீசிங்காரர் கேட்கலாம். சம்பளம் வரத் தொடங்கினால் முதலில் உங்களைத்தான் தேடி வருவார்கள். இப்போதே போய்த் தவணையை மாற்றிக் கேட்டு, எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பிய காசோலை அப்படியல்ல. கணக்கில் பணமில்லை என்று தெரிந்தே காசோலை கொடுப்பது, 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி குற்றம். ஒரு வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். கடைக்காரர் பொலிசுக்குப் போனால் உங்கள் கடன் குற்றவியல் வழக்காகிவிடும். அரசாங்க விண்ணப்பப் படிவங்களில் "எப்போதாவது நீதிமன்றத்தால் குற்றவாளியாகக் காணப்பட்டீர்களா?" என்றொரு கேள்வி வரும். அதற்கு "ஆம்" என்று எழுத வேண்டிய நிலை வரக்கூடாது, பொய்யாக "இல்லை" என்று எழுதவும் கூடாது. பொய் என்று பிறகு தெரிந்தால் நியமனம் கிடைத்த பின்பும் வேலை போகும். ஆகவே காசை எப்படியாவது புரட்டி, கடைக்காரரிடம் கொடுத்து, அந்தக் காசோலையைத் திருப்பி வாங்குங்கள். பற்றுச்சீட்டும் எடுங்கள். முழுத் தொகை இல்லையென்றால் மத்தியஸ்த சபைக்குப் போய்த் தவணை பேசலாம்.

கடனால் சட்டப்படியே கதவு மூடும் இடமும் உண்டு. அது நீதிமன்றம் ஒருவரை வங்குரோத்தானவர் என்று பிரகடனம் செய்த பிறகு. பாராளுமன்ற உறுப்பினராகும் தகுதியை அரசியலமைப்பின் 91ஆம் உறுப்புரை அப்படிப்பட்டவருக்கு மறுக்கிறது. உங்கள் நிலை அதற்கு அருகில்கூட இல்லை.

சரி, காசாளர் மேசை. அரச பணம், முத்திரை, களஞ்சியம் இவற்றைப் பொறுப்பேற்பவர் பிணை, அதாவது குறைந்தால் ஈடுகட்டுவதற்கான உத்தரவாதம், வைக்க வேண்டும். நிதிப் பிரமாணம் 880உம் அரசாங்க அலுவலர் பிணைக் கட்டளைச் சட்டமும் அதைத்தான் சொல்கின்றன. அந்தப் பிணையை ஒழுங்கு செய்யும்போது உங்கள் பண நிலைமையைக் கேட்டால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

இந்த ஏற்பாடு ஏன் என்று நேரில் கண்டிருக்கிறேன். ஓர் அலுவலகத்தில் நல்ல மனிதர் ஒருவர் காசாளராக இருந்தார். வட்டிக்காரன் வாசலில் வந்து நிற்பான். மாதம் 18, 20ஆம் திகதிகளில் பெட்டியிலிருந்து கொஞ்சம் எடுப்பார், சம்பளத்தன்று வைத்துவிடுவார். திருடுகிறோம் என்று அவர் ஒருநாளும் நினைத்திருக்க மாட்டார். ஒரு 22ஆம் திகதி திடீர்ப் பரிசோதனை வந்தது. குறைந்தது சின்னத் தொகைதான், அன்று மாலையே கட்டியும்விட்டார். வேலை திரும்பவில்லை. பிறகு பணத்தை வைத்துவிட்டால் நடந்தது இல்லையென்றாகாது. 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துக்கள் சட்டம் இருக்கிறது, அது மிகக் கடுமையானது.

அப்புறம், வேலைக்கு வந்தபின் உங்கள் மேசைக்கு அலுவலாக வரும் முதலாளி யாராவது "அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கோ, பிறகு தாருங்கோ" என்றால் வாங்காதீர்கள். இலஞ்சம் என்று சட்டம் கணக்கெடுப்பவற்றில் பணமும் அன்பளிப்பும் மட்டுமல்ல, கடனும் இருக்கிறது. தேவை வந்தால் திணைக்களத்தில் இடர் கடனுக்கு விண்ணப்பியுங்கள். அதற்குச் சக உத்தியோகத்தர்கள் பிணை நிற்க வேண்டும். லீசிங்காரர் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டே இருந்தால் யார் நிற்பார்கள்?

சொத்து, பொறுப்பு விபரம் கொடுக்க வேண்டிய பதவிக்கு ஒருநாள் உயர்ந்தால், "பொறுப்பு" என்ற பக்கத்தில் இந்தக் கடன்களையும் எழுத வேண்டும். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் கேட்பது அதைத்தான். கடன் இருப்பது அங்கே குற்றமில்லை. மறைப்பதுதான் குற்றம்.

காசாளர் மேசை வேண்டாம் என்று நேர்முகத்திலேயே சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அங்கே சொல்ல வேண்டாம், அந்த நேர்முகச் சபை மேசை பிரிப்பதில்லை. கடமையேற்ற பிறகு அலுவலகத் தலைவரிடம், லீசிங் தீரும்வரை காசு சம்பந்தமில்லாத மேசை தரும்படி ஒரு கடிதம் கொடுங்கள். கட்டாயம் தர வேண்டும் என்றில்லை. ஆனால் விவரம் தெரிந்த தலைவர் என்றால் அந்தக் கடிதத்தை உங்கள் கோப்பில் போட்டுவிட்டு, வேறு மேசைதான் தருவார்.