தாத்தாவின் உயிலில் 'சம பங்கு': மூன்றா, ஐந்தா?

டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "தாத்தா தன் உயிலில், 'என் வீட்டை என் இரு மகன்களுக்கும், காலமான என் மகளின் பிள்ளைகளுக்கும் சம பங்காகத் தருகிறேன்' என்று எழுதியிருக்கிறார். மூன்றாகப் பிரித்து, அம்மா பங்கை நாங்கள் மூவரும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள் மாமாக்கள். தலைக்கு ஒன்றாக ஐந்து பங்கு என்கிறோம் நாங்கள். கோர்ட் எதை ஏற்கும்?"

மாமாக்கள் கணக்கில் உங்களில் ஒருவருக்கு வீட்டில் ஒன்பதில் ஒரு பங்கு, உங்கள் கணக்கில் ஐந்தில் ஒன்று. சின்ன வித்தியாசம் இல்லை, அதனால் இரு தரப்புக் கோபமும் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு எந்த நீதிபதியும் தீர்ப்புச் சொல்ல மாட்டார்.

தென்னாப்பிரிக்காவில் ஆவணங்களை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு இன்று எல்லா வக்கீலும் காட்டும் தீர்ப்பு நம் குவாசூலு-நாட்டல் மாகாணத்து வழக்கில் பிறந்ததுதான். டண்டீ ஊரைச் சேர்ந்த எண்டுமேனி நகராட்சிக்கும் ஓர் ஓய்வூதிய நிதிக்கும் நடந்த தகராறில், புளும்ஃபொன்டைன் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் சொன்னது: எழுதப்பட்ட சொற்கள், அவை வரும் இடமும் சூழலும், ஆவணத்தின் நோக்கம் ஆகிய மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டு பொருள் வந்தால் நியாயமாகப் பொருந்துவதை எடுக்க வேண்டும். உயில் என்றால், எழுதியவர் அதில் வெளிப்படுத்திய விருப்பம்தான் தேடப்படுகிறது.

ஆகவே உயில் முழுவதையும் எடுத்து வைத்துப் படியுங்கள். வேறொரு பத்தியில் 'என் பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு ராண்ட்' என்று இருக்கிறதா? அப்படியானால், தலைக்கணக்கில் கொடுக்க நினைத்தபோது அதைத் தெளிவாகச் சொல்லத் தாத்தாவுக்குத் தெரிந்திருக்கிறது என்று மாமாக்கள் வாதாடலாம். மாறாக, உங்கள் மூவரின் பெயரையும் மாமாக்கள் பெயரோடு ஒரே வரிசையில் எழுதியிருந்தால் உங்கள் பக்கம் வலுக்கும். மீதிச் சொத்துப் பத்தியில் 'மூன்று பாகம்' என்று வந்தால் காற்று மாமாக்கள் பக்கம் திரும்பும். உயில் எழுதிய காலத்தில் யார் யார் உயிருடன் இருந்தார்கள், யாரை அவர் வளர்த்தார் என்பதையும் கோர்ட் பார்க்கும்.

மாமாக்களின் வக்கீல் 1953ஆம் ஆண்டு உயில் சட்டத்தின் 2சி பிரிவைக் காட்டக்கூடும். உயிலில் சொத்து பெற வேண்டிய மகளோ மகனோ முன்பே இறந்திருந்தால், அவர் பங்கு அவருடைய பிள்ளைகளுக்குக் கிளைவழியாக, அதாவது அந்த ஒரு பங்கை அவர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளும்படி, போகும் என்கிறது அது. உங்கள் தாத்தா அம்மாவுக்கு எழுதவில்லை, நேரே உங்களுக்கே எழுதியிருக்கிறார். அதனால் அந்தப் பிரிவு இங்கே அப்படியே பொருந்தாது. இதை உங்கள் வக்கீல் விடாமல் சொல்ல வேண்டும்.

'தாத்தா என்னிடம் வாயால் சொன்னார்' என்ற சாட்சியம், உயிலுக்குப் பொருள் சொல்லும் வழக்கில் பொதுவாக எடுபடாது. உயிலை எழுதிக்கொடுத்த வக்கீல் தவறாக எழுதிவிட்டார், அதைத் திருத்த வேண்டும் என்பது வேறு வகை வழக்கு. அங்கே அவரிடம் தாத்தா கொடுத்த குறிப்புகள் சாட்சியாகும். எனவே அந்த வக்கீலின் பழைய கோப்பை இப்போதே கேட்டு வாங்குங்கள்.

தெளிவில்லாததை எழுதியவருக்கு எதிராகப் படிக்கும் விதியைப் பலர் இதற்கும் நீட்டுகிறார்கள். அது இன்சூரன்ஸ் பாலிசி போன்றவற்றுக்கு உதவும், இங்கே அல்ல.

இனி நாள் கணக்கு. எக்ஸிக்யூட்டர் (உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர்) தயாரிக்கும் பங்கீட்டுக் கணக்கு குறைந்தது 21 நாள் பார்வைக்கு வைக்கப்படும். அதற்குள் மாஸ்டரிடம், அதாவது இறந்தவர் சொத்துகளை மேற்பார்வையிடும் உயர் நீதிமன்ற அதிகாரியிடம், எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். மாஸ்டர் முடிவு பிடிக்காவிட்டால் 30 நாளில் உயர் நீதிமன்றம் போகலாம். உயிலின் குழப்பமே தகராறுக்குக் காரணமானால் செலவைச் சொத்திலிருந்து எடுக்கக் கோர்ட் உத்தரவிடுவதும் உண்டு. அப்படி எடுத்தால் ஐவர் பங்கும் குறையும். அதனால் ஆட்சேப மனுவைத் தயார் செய்துகொண்டே மாமாக்களோடு ஒரு முறை உட்கார்ந்து பேசுங்கள். வாரிசுகள் எல்லோரும் பெரியவர்களாக இருந்து கையெழுத்திட்டால், மறுபங்கீட்டு ஒப்பந்தமாக எழுதி எக்ஸிக்யூட்டரிடம் கொடுத்துவிடலாம். உங்கள் மூவரில் யாருக்காவது 18 வயது ஆகவில்லை என்றால் மட்டும் அதில் கையெழுத்துப் போடுவதற்கு முன் வக்கீலிடம் காட்டுங்கள்.