புகை குறைந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஐயா,

வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்.6 விதிப்படி செய்த வண்டிகள் வந்த பிறகு மன்னார்குடிப் பேருந்து நிலையத்தில் கரும்புகை நன்றாகவே குறைந்திருக்கிறது. காற்று மாசும் பருவநிலைச் சிக்கலும் ஒரே விதியில் தீர்ந்தன என்று நான் சொன்னால், கல்லூரியில் படிக்கும் என் மகள், எல்லோரும் மின்வண்டிக்கு மாறினால்தான் தீரும் என்கிறாள். தங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கண்ணால் கண்டது உண்மை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் பிசகு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதி, டீசலில் இருக்கும் கந்தகத்தைப் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைத்தது. கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டியும், நைட்ரஜன் ஆக்சைடுகளை முறிக்கும் யூரியாக் கரைசலும் கனரக வண்டிகளில் இடம்பிடித்தன. ஆனால் ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் புவியைச் சூடாக்கும் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய 2.6 கிலோ வெளியேறும் என்ற கணக்கை எந்த வடிகட்டியும் மாற்றிவிடாது. இதற்கு நேர்மாறான தவற்றை ஐரோப்பா செய்தது: கார்பனைக் குறைப்பதாகச் சொல்லி டீசல் கார்களுக்குச் சலுகை அளித்து, நகரக் காற்றில் நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சேர்த்துக்கொண்டது.

காற்று மாசு, கார்பன் இரண்டையும் சேர்த்துக் குறைப்பது, எரிபொருள் எரிவதையே குறைக்கும் கொள்கைதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடும் நகரப் பேருந்து, 50 பேரை 10 கிலோமீட்டர் கொண்டுசெல்ல 2 லிட்டர் குடிக்கும். அந்த 50 பேரும் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் பைக்கில் தனித்தனியாகப் போனால் 10 லிட்டர் செலவாகும். அதே பேருந்தில் பத்துப் பேர்தான் இருந்தால் லாபம் ஒன்றுமில்லை. 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணத்தை நலத்திட்டம் என்றே பேசுகிறோம். பேருந்து நேரத்துக்கு வந்து நிறைந்து ஓடும் தடத்தில் அதுவே காற்றுக்கான திட்டமும் ஆகும்.

கும்பகோணம் போகும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நீங்களும் காத்துக் கிடந்திருப்பீர்கள். நெல் ஏற்றிச் செல்லும் சரக்கு ரயில், அத்தனை மூட்டைகளையும் லாரிகளில் அனுப்புவதைவிட மிகக் குறைந்த எரிபொருளில் கொண்டுபோகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த ரயிலுக்காகக் கேட்டின் இருபுறமும் நிற்கும் வண்டிகளில் பல, எஞ்சினை அணைக்காமல், ஓர் அடிகூட நகராமல் டீசலை எரித்துக்கொண்டிருக்கின்றன. அங்கே ஒரு மேம்பாலம் செய்யும் வேலையைப் பல சட்டங்கள் சேர்ந்தாலும் செய்யா.

மின்வண்டி தெருவில் புகை விடாது என்பது பெரிய காரியம். கார்பன் எவ்வளவு குறையும் என்பதோ, மின்சாரம் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியிலிருந்து வருகிறதா, முப்பந்தல் காற்றாலையிலிருந்து வருகிறதா என்பதைப் பொறுத்தது. வாரம் ஒருமுறை வெளியே எடுக்கும் காரை மாற்றுவதற்கு முன், விடிந்தது முதல் இரவு வரை ஓடும் நகரப் பேருந்தையும் ஷேர் ஆட்டோவையும் மின்சாரத்துக்கு மாற்றுவதே முறை என்பேன்.

உங்கள் மகள் கல்லூரிக்கு எதில் போகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. ஸ்கூட்டரில் என்றால், எந்தப் பேருந்து நேரத்துக்கு வராததால் அதை வாங்க நேர்ந்தது என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்.