பார்க்கிங்கில் ஏழு மாதமாக நிற்கும் கார்: காயலான் கடைக்குக் கொடுத்துவிடலாமா?

கேள்வி: ராமேஸ்வரம் போகும் சாலையோரம் எங்களுக்கு முப்பது சென்ட் பட்டா நிலம் இருக்கிறது. அமாவாசை நாட்களில் வெளியூர் வண்டிகளை நிறுத்த விட்டு, டோக்கன் போட்டுக் காசு வாங்குகிறோம். தை அமாவாசைக்கு வந்த வெள்ளை கார் ஒன்றை இன்னும் யாரும் எடுக்கவில்லை. ஆடி அமாவாசையும் போய்விட்டது. டோக்கன் கட்டையில் வண்டி நம்பர் மட்டும்தான் இருக்கிறது. ஸ்டேஷனில் சொன்னால், 'உங்க பட்டா இடத்துல நிக்குது, நாங்க என்ன செய்ய?' என்கிறார்கள். ஒரு புரோக்கர் இருபதாயிரம் தருவதாகவும், பேப்பர் எல்லாம் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொல்லி, இரண்டாயிரம் அட்வான்ஸ் திணித்துவிட்டுப் போயிருக்கிறார். கொடுத்துவிடலாமா, வக்கீல் சார்?

பதில்: கொடுக்காதீர்கள். இடம் உங்களுடையது, வண்டி உங்களுடையது அல்ல. அது உங்கள் நிலத்தில் ஏழு மாதம் நின்றாலும் ஏழு வருடம் நின்றாலும் விற்கும் உரிமை உங்களுக்கு வராது. உரிமையாளரைத் தேடிப் பார்க்காமல், அவருக்குத் தகவல் சொல்லாமல் விற்றுக் காசாக்கினால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவின்படி அது பிறர் பொருளைக் கையாடிய குற்றம். இரண்டு வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. டோக்கன் போட்டுக் காசு வாங்கியிருப்பதால், 'நம்பி ஒப்படைத்த பொருள்' என்று அதைவிடக் கடுமையான பிரிவையும் சேர்க்க முடியும்.

வாடகை பாக்கிக்கு ஈடாகவாவது எடுத்துக்கொள்ளலாமே என்று பலர் கேட்கிறார்கள். அதுவும் முடியாது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பொருளின் மேல் உழைப்போ திறமையோ செலவிட்டவருக்குத்தான் கூலி வரும்வரை அதைப் பிடித்துவைக்கும் உரிமை தருகிறது. மெக்கானிக் பிடித்து வைக்கலாம், வெறுமனே இடம் கொடுத்தவர் வைக்க முடியாது. பாக்கியைக் கேட்டு வண்டிக்காரர் மேல் தனியாக வழக்குப் போடலாம், அவ்வளவுதான்.

அந்தப் புரோக்கர் விஷயத்துக்கு வருகிறேன். 'பேப்பர் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. என்ன பேப்பரைப் பார்த்துக்கொள்வார்? 2021-இல் வந்த வாகன அழிப்பு விதிகளின்படி, பதிவு பெற்ற அழிப்பு மையத்தில்தான் வண்டியை முறையாக உடைக்க முடியும். அங்கே உரிமையாளரின் ஆர்.சி. புத்தகமும் அவர் சம்மதமும் கேட்பார்கள், திருட்டு வண்டியா என்று பார்ப்பார்கள், கடன் நிலுவை உண்டா என்றும் பார்ப்பார்கள். இதில் ஒன்றுகூட உங்கள் புரோக்கரிடம் கிடையாது. ஆகவே அவர் செய்யப்போவது ஒன்றுதான். ராத்திரியில் வண்டியைத் தூக்கிப்போய், எஞ்சின், கதவு, கண்ணாடி என்று பிரித்து விற்பார். நாளைக்கு உரிமையாளர் வந்து நிற்கும்போது புரோக்கர் போன் எடுக்க மாட்டார். டோக்கனில் இருப்பது உங்கள் பெயர்.

கீழக்கரைப் பக்கம் லாட்ஜ் வைத்திருந்த ஒருவருக்கு இதுதான் நடந்தது. தோட்டத்தில் ஒரு வருடமாக நின்ற காரைப் பதினெட்டாயிரத்துக்குக் காயலான் கடைக்காரரிடம் தள்ளிவிட்டார். நான்கு மாதம் கழித்து வண்டிக்காரர் துபாயிலிருந்து வந்தார், அங்கே விபத்தில் அடிபட்டு நடமாட முடியாமல் கிடந்திருக்கிறார். பின்னாலேயே கடன் கொடுத்த நிறுவனமும் வந்தது. லாட்ஜ்காரர் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, 'குப்பையைத்தானே சார் வித்தேன்' என்று அழுதார். கடைசியில் மூன்றரை லட்சம் கொடுத்து சமரசம் பேச வேண்டியதாயிற்று.

இன்னொரு கூட்டமும் உண்டு. 'டியூ கட்டாத வண்டி சார், நாங்கள் சீஸிங் பார்ட்டி' என்று, கடன் கொடுத்த நிறுவனத்துக்காக வண்டியைப் பிடிக்க வந்தவர்கள் போல ஒரு ஜெராக்ஸ் கடிதத்தை நீட்டுவார்கள். அதைப் பார்த்தும் வண்டியை விடாதீர்கள். 'ஸ்டேஷனுக்கு வாருங்கள், அங்கே வைத்துப் பேசலாம்' என்று சொல்லுங்கள். போலி ஆசாமிகள் அதற்கு மேல் நிற்க மாட்டார்கள்.

அப்புறம், ராத்திரியோடு ராத்திரியாக வண்டியை ரோட்டில் தள்ளிவிடு என்று டீக்கடையில் யாராவது யோசனை சொல்வார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு, பொது இடத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடக்கும் வண்டியை அப்புறப்படுத்தப் போலீஸுக்கு அதிகாரம் தருகிறது. அதைக் கேள்விப்பட்டுத்தான் இந்த யோசனை பிறக்கிறது. பாம்பன் பாலத்துக்குப் போகிற தேசிய நெடுஞ்சாலை அது. இருட்டில் ஒரு பைக்காரர் அதில் மோதினால் வண்டியைத் தள்ளியவர் யார் என்றுதான் விசாரிப்பார்கள்.

சரி, என்னதான் செய்வது? நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன் சக்கரம் காற்று இறங்கி ரிம் வரை மணலில் புதைந்திருக்கிறது. கதவின் அடிவிளிம்பு உப்புக்காற்றில் பொரிந்து உதிர்கிறது. டேஷ்போர்டில் ஒரு பிரசாதப் பை. முன் கண்ணாடியில் ஃபாஸ்டேக் அப்படியே ஒட்டியிருக்கிறது. கதவைத் திறக்காமல், கண்ணாடியை உடைக்காமல், இதையெல்லாம் நான்கு பக்கமும் தேதி தெரியும்படி வீடியோ எடுங்கள். பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் கூட நின்றால் நல்லது.

வண்டி நம்பரை எம்பரிவாகன் செயலியில் போட்டால் எந்த ஆர்.டி.ஓ. பதிவு, இன்சூரன்ஸ் எதுவரை என்பது தெரியும். உரிமையாளர் பெயரை நட்சத்திரக் குறி போட்டு மறைத்திருப்பார்கள். முழு முகவரியைப் பார்க்கும் வசதி போலீஸிடம் இருக்கிறது. இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாமல் 'உங்க பட்டா இடம்' என்று உங்களைத் திருப்பி அனுப்பியதுதான் வேதனை. ஆர்.டி.ஓ. போலீஸைக் கைகாட்டுவார், போலீஸ் நகராட்சியைக் கைகாட்டும், நகராட்சி 'தனியார் இடம்' என்று கையை விரிக்கும். இருபது வருடமாக இந்தச் சுற்றை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பட்டா நிலமென்றால் 127-ஆம் பிரிவு பொருந்துமா என்று வாதம் செய்யலாம்தான். ஆனால் சந்தேகத்துக்கு இடமான நிலையில் கிடக்கும் பொருளைக் போலீஸ் கைப்பற்ற, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு இருக்கிறதே, அதில் பட்டா, புறம்போக்கு என்ற பேதம் இல்லை.

ஆகவே வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள். 'கேட்பாரற்று நிற்கும் வாகனத்தைக் கைப்பற்றிச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கக் கோருதல்' என்று பொருள் போட்டு, வண்டி வந்த தேதி, நம்பர், நிறம், இப்போதைய நிலை, டோக்கன் கட்டையின் நகல் எல்லாம் சேர்த்து மனுவாகக் கொடுங்கள். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். தராவிட்டால் அதே மனுவை எஸ்.பி. அலுவலகத்துக்கு விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டு, திங்கட்கிழமை ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும் ஒன்று போடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இருக்கிறது. நடவடிக்கை எடுக்கச் சொல்லி அங்கே ரிட் மனு போடலாம்.

போலீஸ் கைப்பற்றினால் விஷயம் நடுவர் நீதிமன்றத்துக்குப் போகும். உரிமையாளர் யாரென்று தெரியாவிட்டால் நீதிமன்றம் அறிவிப்பு வெளியிட்டு ஆறு மாதம் காத்திருக்கும். அதற்குள் யாரும் உரிமை கோராவிட்டால் அரசு ஏலம் விடலாம். மெதுவான வழிதான், ஆனால் உங்கள் தலைக்கு மேல் கத்தி தொங்காது.

அதுவரை இடம் அடைபட்டுக் கிடக்க வேண்டுமா என்றால், வேண்டாம். மனு கொடுத்த பிறகு, உங்கள் நிலத்துக்குள்ளேயே ஓர் ஓரத்துக்கு நகர்த்தலாம். பிரேக் துருப்பிடித்து இறுகியிருக்கும், சங்கிலி போட்டு இழுத்தால் அடிப்பாகம் பெயர்ந்து வந்துவிடும். சக்கரத்தோடு தூக்கும் ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள், வீடியோ எடுங்கள், பில்லை வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. நம் கரைக்கு அது முக்கியம் என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். மண்டபம் முதல் தொண்டி வரை கடல் அட்டையும் பீடி இலையும் கஞ்சாவும் எந்த வண்டிகளில் போகின்றன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆபத்து என்று தெரிந்ததும் வண்டியை எங்காவது விட்டுவிட்டு ஆள் மறைந்துவிடுவான். கூட்டத்தோடு கூட்டமாகப் பார்க்கிங்கில் விடுவது அவனுக்குச் சுலபம். ஆகவே செயலியில் நம்பரைப் போட்டதும் வண்டியின் வகையும் நிறமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். வெள்ளை காரின் நம்பருக்கு ஸ்கூட்டர் என்று வந்தால் பிளேட் போலி. பின் சீட் கழற்றியிருக்கிறதா, உள்ளே ஐஸ் பெட்டியோ சாக்கோ தெரிகிறதா, மீன் வாடை அடிக்கிறதா என்று வெளியே நின்றே கவனியுங்கள். இதில் எது இருந்தாலும் வண்டியை ஓர் அங்குலம்கூட நகர்த்தக் கூடாது, கைப்பிடியைத் தொடவும் கூடாது. அன்றைக்கே ஸ்டேஷனிலும் மரைன் போலீஸிலும் எழுத்தில் தெரிவியுங்கள். கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கடத்திப் பிடிபட்ட வண்டி அரசுக்குச் சொந்தம். அப்படிப்பட்ட வண்டியைப் பிரித்து விற்றால் தடயத்தை அழித்தவராக நீங்கள் நிற்பீர்கள்.

இனிமேல் டோக்கன் அடிக்கும்போது டிரைவரின் போன் நம்பரை வாங்குங்கள். எத்தனை நாள் என்பதை எழுதுங்கள். 'வண்டிக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்ற வரியை மட்டும் நம்பாதீர்கள். சாவி வாங்கி நிறுத்திய கார் திருடு போன வழக்கில், அந்த வரி ஹோட்டலைக் காப்பாற்றாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அந்த இரண்டாயிரத்தை இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். கையில் கொடுக்க வேண்டாம், ஜிபேயில் அனுப்புங்கள். கூடவே 'வண்டி விற்பனைக்கு இல்லை, போலீஸில் மனு கொடுக்கிறேன்' என்று ஒரு வரி அனுப்பிவிட்டு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து டோக்கன் கட்டையோடு சேர்த்து வையுங்கள்.