மானிய வீடு யாருக்குப் போய்ச் சேர்கிறது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வாடகை உயர்வு பற்றிய உங்கள் கட்டுரையில், 'குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக அரசு மானியம் கொடுத்துப் புது வீடுகள் கட்டவேண்டும்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அரசு கட்டும் வீடு செலவு கூடி, காலம் தள்ளி, ஊருக்கு வெளியே எங்கோ வருகிறது. குலுக்கலில் பெயர் விழுந்தவருக்கு வீடு, விழாதவருக்கு ஒன்றுமில்லை. அந்தப் பணத்தை வாடகை உதவியாகக் கையில் கொடுத்தால் அவரவர் தங்களுக்குத் தோதான இடத்தில் இருந்துகொள்வார்கள். கட்டட விதிகளைத் தளர்த்தினால் தனியாரே வேண்டிய அளவு கட்டுவார்கள். அப்புறம் எதற்கு மானியம்?

க.

அன்புள்ள க.,

விதிகளைத் தளர்த்துவதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் 2016இல் குடியிருப்புப் பகுதிகளின் பெரும்பகுதியில் ஒரு மனையில் பல வீடுகள் கட்ட அனுமதித்தது. அதன்பின் அங்கே கட்டுமானம் வெகுவாகக் கூடியது. எந்த நகரமும் முதலில் செய்யவேண்டிய வேலை அது. காசு செலவில்லாத வேலையும்கூட.

ஆனால் தனியார் எப்போது கட்டுவார்கள்? மனை விலை, கட்டுமானச் செலவு, கடன் வட்டி எல்லாம் போக லாபம் நிற்கும் என்றால் கட்டுவார்கள். விலை இறங்கத் தொடங்கினால் அடுத்த திட்டத்தை ஒத்திப்போடுவார்கள். அதில் தவறு ஒன்றுமில்லை, அது அவர்கள் தொழில். ஆனால் பராமரிப்புச் செலவுக்கே போதாத வாடகையைத்தான் தரமுடியும் என்ற நிலையில் ஒரு குடும்பம் இருந்தால், அதற்கென்று எந்தச் சந்தையும் புது வீடு கட்டாது. வசதியானவர்கள் புது வீட்டுக்குப் போய், அவர்கள் விட்ட வீட்டுக்கு அடுத்தவர் வந்து, படிப்படியாகக் கடைசிக் குடும்பத்துக்கு ஒரு பழைய வீடு வந்து சேரலாம். அதற்குள் அந்த வீட்டுக் குழந்தைகள் வளர்ந்துவிடுவார்கள்.

வாடகை உதவி? காலி வீடுகள் இருக்கும் ஊரில் அதுதான் சிறந்த வழி. வீடே இல்லாத ஊரில், ஒரு வீட்டைத் தேடிப் பத்துக் குடும்பங்கள் கையில் கூடுதல் பணத்தோடு வந்து நிற்கும், உரிமையாளர் வாடகையை ஏற்றுவார். அமெரிக்காவில் 1974 முதல் வாடகை உதவிச் சீட்டு இருக்கிறது. சீட்டு கிடைத்தும் கெடுவுக்குள் வீடு கிடைக்காமல் அதை இழப்பவர்கள் ஏராளம். இன்னொன்றும் உண்டு: அங்கே வாடகை உதவிக்குத் தகுதியுள்ள குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குத்தான் அது கிடைக்கிறது. குலுக்கல், காத்திருப்புப் பட்டியல் எல்லாம் உங்கள் வழியிலும் வருகின்றன. போதிய பணம் ஒதுக்காததால் வரும் குறை அது. வீடாகக் கொடுத்தாலும் பணமாகக் கொடுத்தாலும் வரும்.

வீடு வாங்குபவருக்குக் கடன் சலுகை கொடுப்பது இன்னும் மோசம். 2013இல் இங்கிலாந்து அப்படி ஒரு திட்டம் கொண்டுவந்தது. நிலம் கிடைக்காத லண்டன் பகுதியில் விலைதான் ஏறியது, கட்டுமானம் கூடவில்லை என்று ஆய்வுகள் காட்டின. வாங்குபவர் பெயரில் வந்த மானியம் விற்பவர் பைக்குப் போனது.

சரி, உங்கள் கடிதத்தில் மிகச் சரியான இடத்துக்கு வருகிறேன்: 'ஊருக்கு வெளியே எங்கோ'. மானிய வீடுகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்று தொகையை முடிவுசெய்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தால், அவர் எங்கே மிச்சம் பிடிப்பார்? நிலத்தில். நகரத்திலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் வரிசை வரிசையாக வீடுகள் எழும். மெக்சிகோவில் 2000களில் அப்படித்தான் நடந்தது. கடன் வாங்கிக் குடியேறியவர்கள், வேலைக்குப் போய்வரும் செலவைத் தாங்கமுடியாமல் வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பினார்கள். ஆளில்லாத வீடுகளிலிருந்து கதவு, ஜன்னல், மின்கம்பி எல்லாம் காணாமல் போயின.

இதற்கு நேர் எதிராகச் செய்த ஓர் இடம் உண்டு. சிலி நாட்டின் இக்கிகே நகரின் நடுவில், 30 ஆண்டுகளாக ஏறத்தாழ நூறு குடும்பங்கள் குடிசை போட்டிருந்தன. அரசு தந்த மானியம் குடும்பத்துக்கு 7,500 டாலர். நிலம், குழாய், வீடு எல்லாம் அதற்குள் முடிந்தாகவேண்டும். அந்த மனையின் விலையோ இத்தகைய திட்டங்கள் வழக்கமாகக் கொடுப்பதைப்போல மூன்று மடங்கு. கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனாவின் குழு நிலத்தை விடவில்லை, வீட்டைக் குறைத்தது. குடும்பங்களோடு உட்கார்ந்து பேசி, பாதி வீட்டை மட்டும் கட்டியது: கான்கிரீட் சட்டகம், மாடிப்படி, சமையலறை, குளியலறை, பக்கத்து வீட்டிலிருந்து தீ பரவாத சுவர். பக்கத்தில் ஒரு வீட்டின் அகலத்துக்கு வெறும் இடைவெளி. 2004இல் குடியேறியவர்கள் கையில் காசு சேரச்சேர அந்த இடைவெளியை மரப்பலகையாலும் செங்கல்லாலும் அடைத்துத் தங்கள் அறைகளைக் கட்டிக்கொண்டார்கள். ஒரு வீட்டின் ஜன்னல்போல இன்னொன்று இல்லை. வேலையும் பள்ளியும் மருத்துவமனையும் முன்பிருந்த தூரத்திலேயே இருந்தன.

அரசால்தான் முடியும், குடும்பத்தால் ஒருநாளும் முடியாது என்ற பகுதி எதுவோ அதற்கு மானியம் போனது. சுவரை ஒரு குடும்பம் பிறகு எழுப்பிக்கொள்ளும். நகரத்தின் நடுவே நிலத்தை அதனால் எந்தக் காலத்திலும் வாங்கமுடியாது.

அடுத்த கேள்வி, நாம் யாரும் கேட்காதது: முதல் குடும்பம் போனபிறகு அந்த வீடு யாருடையது? பிரிட்டனில் 1980இல் வந்த சட்டம், உள்ளாட்சி வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள் அவற்றைப் பெரிய தள்ளுபடியில் வாங்கலாம் என்றது. வாங்கிய குடும்பங்களுக்கு அது வாழ்வின் பெரிய நல்ல காரியம், மறுக்கவில்லை. இங்கிலாந்தில் மட்டும் 20 லட்சத்துக்குச் சற்றே குறைவான வீடுகள் போயின. ஈடாகப் போதிய அளவு கட்டவில்லை. அவற்றில் கணிசமானவை இன்று தனியார் வாடகைக்கு ஓடுகின்றன. அந்த வாடகையைக் கட்டமுடியாதவர்களுக்கு அரசே உதவித்தொகை கொடுக்கிறது. ஒரே வீட்டுக்கு மக்கள் இருமுறை பணம் தருகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னா அப்படி விற்கவில்லை. 1923இல் வீட்டு வரி ஒன்று போட்டு, ஆடம்பர வீடுகளிடம் அதிகமாக வசூலித்து, அந்தப் பணத்தில் நகராட்சி கட்டியது. 1930இல் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் குடியிருப்பு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். 1,300க்கும் அதிகமான வீடுகள், பொதுச் சலவைக்கூடம், குளியல்கூடம், மழலையர் பள்ளி. மனையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் கட்டடம், மீதி முற்றங்கள். இன்றும் அது நகராட்சியின் சொத்து. அன்று போட்ட பணம் இன்றைய குடும்பத்துக்கும் பயன்படுகிறது. இப்படிப் பார்த்தால் புது வீட்டின் செலவு உங்களுக்குத் தோன்றும் அளவுக்குப் பெரிதல்ல.

ஆகவே என் பதில்: மானியம் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் நகரத்துக்குள் நிலத்துக்கும், வீடு என்றென்றும் குறைந்த வாடகையில் இருக்கும் என்ற நிபந்தனையோடும். பராமரிப்புக்கும் முதல் நாளே தனியாக ஒதுக்கிவிடவேண்டும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ப்ரூயிட் ஐகோ என்ற குடியிருப்பில், 33 கட்டடங்களையும் அரசுப் பணத்தில் எழுப்பிவிட்டு, பராமரிப்பைக் குடியிருப்பவர்களின் வாடகையிலிருந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆட்கள் போகப்போக வாடகை வருமானம் குறைந்தது, லிஃப்ட் நின்றது, 1972இல் இடிக்கத் தொடங்கினார்கள்.

கட்டி முடிக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்தக் குடும்பம் எங்கே இருக்கும்? அந்த ஆண்டுகளுக்கு நீங்கள் சொல்லும் வாடகை உதவியைத் தரட்டும், அதே திட்டச் செலவில் சேர்த்தே.

அன்புடன்.