கதை முடிந்ததும் கேள்வி கேட்காதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்
(31 வருடம் தொடக்கப் பள்ளியில் வகுப்பெடுத்து ஓய்வு பெற்ற ஆசிரியை பதில் சொல்கிறார்.)

கேள்வி: நான்காம் வகுப்பு எடுக்கிறேன் டீச்சர். 36 பிள்ளைகள். வாரத்தில் இரண்டு பீரியட் கதைப் புத்தகம் படிக்க விடுகிறேன். படித்து முடித்ததும் கதைச் சுருக்கம் எழுதித் தர வேண்டும். ஆனால் எல்லோரும் இருப்பதிலேயே மெல்லிசான புத்தகத்துக்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள். படிக்கும் ஆசையை எப்படி வரவழைப்பது?

பதில்: ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கதைச் சுருக்கம்தான் காரணம். நாம் ஒரு நாவலை முடித்த கையோடு யாராவது தாளை நீட்டி, "இரண்டு பக்கம் எழுதிக் கொடு" என்றால் அடுத்த நாவலை எடுக்கக் கை வருமா? முதல் வேலையாக அதை நிறுத்துங்கள். எழுதும் பயிற்சிக்கு வேறு நேரம் இருக்கிறது.

அடுத்து, அந்த இரண்டு பீரியடில் ஒன்றைப் பிரித்துத் தினம் பத்து நிமிடமாக்குங்கள். அந்தப் பத்து நிமிடம் நீங்கள் வாய்விட்டு வாசிக்க வேண்டும், பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நான்காம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்கு இன்னுமா வாசித்துக் காட்டுவது என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 1985இல் அமெரிக்காவில் வாசிப்பு பற்றி ஆராய்ந்த ஒரு குழு தன் அறிக்கையில் இதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தது: பிள்ளைகளுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள், மேல் வகுப்புகளிலும் அதை விடாதீர்கள் என்று. என் அனுபவமும் அதுதான். தானே படிக்கத் திணறுகிற கதையைக்கூட ஒரு பிள்ளை காதால் கேட்டு நன்றாகப் புரிந்துகொள்ளும். கண் பின்தங்கியிருக்கும்போது காது அதைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் பிள்ளை கேட்பது "போயிட்டான்", "வந்துச்சு". புத்தகத்தில் இருப்பதோ "சென்றுவிட்டான்", "வந்தது". எழுத்தெல்லாம் தெரிந்த பிள்ளைகூடக் கதைப் புத்தகத்தில் ஒரு அந்நியரின் பேச்சைத்தான் கேட்கிறது. அந்தப் பேச்சு தனக்குப் பிடித்த ஒருவரின் குரலில், தினமும், பயமில்லாமல் காதில் விழ வேண்டும். ஆறு மாதம் போனால் "ஆயினும்", "திடுக்கிட்டு" எல்லாம் பிள்ளைகளுக்குத் தெரிந்த சொந்தக்காரர்கள் ஆகிவிடும். அதனால் வாசிக்கும்போது புத்தகத்தில் இருப்பதை அப்படியே வாசியுங்கள். எளிமைப்படுத்துகிறேன் என்று பேச்சுத் தமிழுக்கு மாற்றிவிட்டால் இந்தப் பலன் போய்விடும். புரியாத சொல் வந்தால் குரலாலும் முகத்தாலும் காட்டிவிட்டு நகருங்கள்.

முதல் நாள் இரவே அந்தப் பகுதியை ஒருமுறை படித்து, எங்கே நிறுத்துவது என்று பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கதவு தட்டப்படுகிறது, யார் என்று தெரியவில்லை: அங்கே மூடுங்கள். "ஐயோ டீச்சர், இன்னும் ஒரே ஒரு பக்கம்" என்று வகுப்பே கத்தும். கொடுக்காதீர்கள். புத்தகத்தை மேஜைமேல், எல்லோர் கைக்கும் எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள். இடைவேளையில் அதைச் சுற்றி நாலு தலை கூடியிருக்கும். கதவுக்குப் பின்னால் யார் என்று பார்க்க அவர்கள் தாமாகப் பக்கத்தைப் புரட்டுகிறார்கள் அல்லவா, அதுதான் நீங்கள் கேட்ட ஆசை.

கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். அவர்களாகப் பேசினால் கூடச் சேர்ந்து பேசுங்கள். பேசாமல் இருந்தால் அந்த மௌனத்தைக் கலைக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் வகுப்பில் ஒரு புத்தகம் படித்தால் ஒரு நட்சத்திரம், பத்து நட்சத்திரத்துக்கு ஒரு பரிசு என்று சுவரில் சார்ட் மாட்டியிருக்கிறேன். முதல் மாதம் அமர்க்களமாக இருந்தது. இப்போது சப்பென்று போய்விட்டது. பரிசைப் பெரிதாக்கட்டுமா?

பதில்: வேண்டாம். 1973இல் மார்க் லெப்பர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் மழலையர் பள்ளி ஒன்றில் ஒரு சோதனை செய்தார்கள். ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, ஒரு பகுதியினரிடம் மட்டும் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள், சொன்னபடி கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பேனாக்களைச் சும்மா மேஜைமேல் வைத்துப் பார்த்தபோது, மற்றப் பிள்ளைகளைவிட அந்தப் பிள்ளைகள் குறைவான நேரமே வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் கொடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அந்தக் குறை வரவில்லை. பரிசுக்காகச் செய்கிறோம் என்ற எண்ணம்தான் ஆசையைத் தின்றிருக்கிறது.

உங்கள் சார்ட்டில் இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. நட்சத்திரமே இல்லாத பிள்ளையின் பெயர் தினமும் எல்லோர் கண்ணிலும் படுகிறது. அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டுங்கள். புத்தகத்தில் பிடித்த ஒரு வரியையோ ஒரு சொல்லையோ யார் வேண்டுமானாலும் எழுதலாம், பெயர் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால், சொல்லாமல் ஒருநாள் ஒரு புத்தகத்தையே கொடுங்கள்.

கேள்வி: என் மகன் படக்கதை தவிர எதையும் தொடுவதில்லை. தடுக்கலாமா?

பதில்: தடுக்காதீர்கள். படக்கதையில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் நடந்ததைப் படிப்பவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். அது சின்ன வேலையில்லை. ஒரே படக்கதையைப் பத்துத் தடவை படித்தாலும் படிக்கட்டும்.

கேள்வி: பள்ளியில் நல்ல புத்தகங்கள் இருக்கின்றன. ஆனால் தொலைந்துபோகும், கிழிந்துபோகும் என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். நான் புதிதாகச் சேர்ந்தவள், என்ன செய்வது?

பதில்: நானும் அப்படி ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன் அம்மா. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அட்டையைப் பார்த்துப் பார்த்தே பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போனார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவதே "புத்தகங்கள் பயன்படுத்துவதற்காகவே" என்பதுதான். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். பூட்டிய பீரோ அந்தச் சங்கிலிக்குத் தம்பி.

தலைமை ஆசிரியரிடம் மொத்தச் சாவியைக் கேட்காதீர்கள். "இருபது புத்தகம் மட்டும் என் பொறுப்பில் கொடுங்கள் ஐயா" என்று கேளுங்கள். வகுப்பில் ஒரு கயிறு கட்டி, அட்டை தெரிகிற மாதிரி அவற்றைத் தொங்கவிடுங்கள். முதுகு மட்டும் தெரிகிற புத்தகம் சின்னப் பிள்ளையைக் கூப்பிடாது. எடுத்துப்போவதை ஒரு நோட்டில் பிள்ளைகளே எழுதட்டும். கிழிந்தால் ஒட்டுவதற்குப் பசையும் தாளும் பக்கத்திலேயே இருக்கட்டும். ரங்கநாதனின் இரண்டாம் விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது. கயிற்றில் ஒரே மாதிரிக் கதையாகத் தொங்கவிடாதீர்கள். பூச்சி, ராக்கெட், விடுகதை என்று கலந்து போடுங்கள்.

கேள்வி: மூன்றாம் வகுப்பில் ஒரு பெண். புத்தகம் கொடுத்தால் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஆனால் ஒன்றும் ஏறுவதில்லை. சோம்பேறித்தனமா?

பதில்: என் வகுப்பிலும் அப்படி ஒருத்தி இருந்தாள். மௌன வாசிப்பு நேரத்தில் சத்தமே போடமாட்டாள், பக்கம் பக்கமாகப் புரட்டுவாள். நல்ல பிள்ளை என்றே பல வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கண்ணைப் பார்த்தேன். வரி மேலே அது நகரவே இல்லை. பக்கத்தில் இருப்பவள் புரட்டும்போது இவளும் புரட்டினாள்.

தனியாகக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னபோதுதான் விஷயம் தெரிந்தது. "கொ" வந்தால் முன்னால் நிற்கும் கொம்பை மட்டும் பார்த்துவிட்டு "கெ" என்பாள். பின்னால் துணைக்கால் இருப்பதைக் கண்டதும் திரும்பி வருவாள். இப்படி எழுத்துக்கூட்டி வரிக் கடைசிக்கு வருவதற்குள் வரியின் தொடக்கம் மறந்துபோயிருக்கும். 1986இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறமை ஒரு பக்கம், மொழியைப் புரிந்துகொள்ளும் திறமை மறுபக்கம். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். நான் கதை சொன்னால் இந்தப் பெண் கண்ணை அகல விரித்துக் கேட்பாள். அவளிடம் குறைவாக இருந்தது எழுத்தை ஒலியாக்கும் திறமை மட்டும்தான்.

ஆகவே சோம்பேறி என்று முடிவு கட்டாதீர்கள். கண்பார்வையையும் காதையும் ஒருமுறை பரிசோதிக்கச் சொல்லுங்கள். வகுப்பின் நடுவே எழுப்பி நிறுத்திப் படிக்கச் சொல்வதை அறவே விடுங்கள். தினம் ஐந்து நிமிடம், தனியாக, கொம்பும் காலும் வரும் எழுத்துகளை மட்டும் எடுத்துப் பழக்குங்கள். அப்புறம் அவளுக்கு ஏற்கெனவே காதால் தெரிந்த கதையைக் கொடுங்கள். நீங்கள் ஒரு வரி, அவள் ஒரு வரி.

நான் அப்படித்தான் செய்தேன். அந்த வருடம் வகுப்பில் வாசித்த ஒரு கதையில், அணை உடைந்து தண்ணீர் "குபீரென்று" பாயும் இடம் ஒன்று வரும். அந்தச் சொல்லைச் சொன்னாலே வகுப்பு முழுக்கச் சிரிக்கும். கதை முடிந்து ரொம்ப நாளைக்குப் பிறகு, ஒரு மதியம் அவள் வேறு ஏதோ புத்தகத்தைத் திறந்து பிடித்தபடி என் நாற்காலிக்கு ஓடி வந்தாள். ஒரு சொல்லுக்குக் கீழே விரலை அழுத்தி வைத்திருந்தாள். "டீச்சர், நம்ம குபீர்! இங்கேயும் இருக்கு!"