யானைத் துவக்கும் நெல்லும்

கேள்வி: அப்புவின் பெட்டகத்தில் 1956 ஆம் ஆண்டு விலைப்பட்டியல் ஒன்று கிடந்தது. வின்செஸ்டர் .458 யானை வேட்டைத் துவக்கு 295 டொலராம். அந்தக் காலத்தில் அது பெரிய விலையோ?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: பெரிய விலைதான் தம்பி. அப்போது ஒரு டொலர் ஏறத்தாழ 4 ரூபா 76 சதம். ஆக, கப்பல் கூலியும் தீர்வையும் சேராமலே 1,404 ரூபா. ரூபாக் கணக்கோடு நிற்காதேங்கோ. நெல்லோடு ஒப்பிட்டால்தான் எங்கட வன்னியில் அதன் பாரம் விளங்கும். அப்போது நெல்லுக்கு அரசின் உத்தரவாத விலை புசலுக்கு (புசல் என்பது நெல் அளக்கும் ஓர் அளவு) 12 ரூபா. அப்படியென்றால் 117 புசல் நெல்லு! இருந்தும், லண்டன் கைவேலை இரட்டைக்குழல் துவக்குகளுக்குப் பக்கத்தில் இது மலிவு. அந்த லண்டன் பட்டியல்கள் கிடைத்தால் கவனம்: விலை பெரும்பாலும் கினி என்ற பழைய ஆங்கிலேயப் பணக்கணக்கில் இருக்கும். அந்தக் காலத்தில் பவுண் 20 ஷில்லிங், கினி 21 ஷில்லிங். பட்டியலைக் கறையான் அரிக்காமல் வையுங்கோ.