நண்டு பார்த்த எலும்புகள்

அன்புள்ள ஐயா,

ஐந்து வயது மகளுக்குக் கொக்கும் நண்டும் கதை சொன்னேன். கொக்கு மீன்களைத் தின்பது வேண்டாமே என்று, எல்லா மீன்களையும் நண்டையும் பெரிய குளத்தில் பத்திரமாகக் கொண்டுபோய் விட்டதாக மாற்றிவிட்டேன். “அப்புறம்?” என்றாள். “அவ்வளவுதான்” என்றேன். முகம் தொங்கிவிட்டது. ஆனால் உள்ளபடி சொல்லி, ராத்திரி அலறி எழுந்தால் என்ன செய்வது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்தக் கதையின் உயிரே பாறைமேல் குவிந்து கிடக்கும் மீன் எலும்புகளில்தான் இருக்கிறது. கொக்கின் முதுகிலிருந்து நண்டு அதைப் பார்க்கிறது. முன்னால் போன மீன்கள் என்ன ஆயின என்று அப்போதுதான் அதற்கு உறைக்கிறது, கேட்கிற குழந்தைக்கும்தான். நடுவானம், குதிக்க முடியாது, இருப்பது இரண்டு கொடுக்குகள். இந்த இடத்தில் பிள்ளைகள் தங்களை அறியாமலே விரல்களைக் கொடுக்குபோல மடக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் எலும்புகளை எடுத்ததும் நண்டு வெறும் பயணி ஆகிவிட்டது.

நானும் யோக்கியன் இல்லை. என் கதையொன்றில் கிணற்றில் விழுந்த சிறுமியை மணல்குழியில் விழவைக்கச் சொன்னார்கள் பதிப்பகத்தில். சரி என்றேன். மணல்குழிக்குக் கயிறு எதற்கு? கயிறு போனது, அதைத் திரித்துத் தந்த கிழவியும் போனாள். எனக்குப் பிடித்த பாத்திரமே அவள்தான்.

இந்தக் கத்தரிக்கோல் பழையது. ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில், கோபுரத்தில் அடைபட்ட ராபன்சல் தன் உடைகள் இறுகிப்போவது ஏன் என்று கேட்பாள். கர்ப்பம். பின்னால் அதை நீக்கிவிட்டார்கள். ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்ன பெற்ற தாய் 1819இல் மாற்றாந்தாய் ஆனாள். சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையில் ஓநாயின் வயிற்றைக் கிழித்துக் கல்லை நிரப்புவது மட்டும் அப்படியே இருந்தது! குழந்தைக்காக என்று சொல்லி நாம் வெட்டுவதில் பாதி நம் சங்கடத்துக்காகத்தான் என்று எனக்குச் சந்தேகம்.

எல்லாவற்றையும் சொல்லலாம் என்று நான் வாதாட வரவில்லை. கட்டைவிரல் சூப்பிய பையனின் இரண்டு கட்டைவிரல்களையும் தையல்காரன் வெட்டிப்போடும் ஜெர்மன் பாட்டு ஒன்று 1845இல் வந்தது. அதை நான் சொல்லமாட்டேன். அங்கே பையனுக்குக் கொடுக்கு இல்லை. மிரட்டல்தான் இருக்கிறது.

கனவு விஷயம். திரையில் ஓநாயின் பல் எவ்வளவு பெரிது என்பதை யாரோ முடிவு செய்கிறார்கள். வாயால் சொல்லும்போது குழந்தை தன்னால் தாங்க முடிகிற அளவுக்கே பல்லை வரைந்துகொள்கிறது, பெரும்பாலும். சில பிள்ளைகள் நிஜமாகவே மிரளும். மகள் உங்கள் மடியில்தானே இருக்கிறாள், உடம்பு விறைத்தால் தெரியாமலா போகும்? அப்போது பாறையில் நிற்காமல் நேராகக் கொடுக்குக்குப் போய்விடுங்கள். எலும்புகள் இருக்கட்டும்.

இன்றிரவே திரும்பச் சொல்லிப் பாருங்கள். “எல்லா மீனும் எங்கே?” என்று அவளே கேட்டால், உடனே பதில் சொல்லிவிடாதீர்கள்.